கோபத்துக்கு ஒரு நகல்

 

ஐயாவின் நினைவு நாள் வரும்போதெல்லாம் அவருடைய தகரப் பெட்டிதான் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. மடுகரையிலும் சுற்றுப்பட்டுச் சேரிகளிலும் அவர் எழுதிக் கொடுத்த மனுக்களின் கார்பன் நகல்கள் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. குடிநீர்க் குழாய், சுடுகாட்டுப் பாதை, மனைப்பட்டா, கூலி பாக்கி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைத் தனியாக உட்கார வைத்தது என்று எத்தனையோ. ஒவ்வொரு நகலின் மூலையிலும் கொடுத்த தேதி, வாங்கியவர் கையெழுத்து. பெரிய எழுத்து நடை என்று அவருக்கு ஒன்றும் கிடையாது. 'தாழ்மையுடன்' என்ற சொல்லை மட்டும் எழுத மாட்டார். 'தெரிவித்துக்கொள்கிறோம்' என்று முடிப்பார். எங்களில் பலர் எழுதக் கற்றுக்கொண்டதே அந்த மனுக்களைப் படியெடுத்துத்தான்.

இந்த ஆண்டுப் பேருரைக்கு, சமூக ஊடகத்தில் வெளிப்படும் இளைஞர்களின் அரசியல் கோபம் என்ற பொருளை எடுத்துக்கொண்டோம். பொருள் முடிவானதுமே மன்றத்துக்குள் இரண்டு பேச்சு எழுந்தது. மூத்தவர்கள், "நாள் முழுக்க செல்லை நோண்டுறானுங்க, தெருவுல எறங்குன்னா ஒருத்தனும் வரல" என்றார்கள். பிள்ளைகள் விடவில்லை. "நீங்க முப்பது வருஷம் மனு எழுதியும் வராத லாரி, நாங்க வீடியோ போட்ட மூணாம் நாள் வந்துச்சே மாமா" என்றார்கள். அந்த லாரிக் கதையிலிருந்தே தொடங்கலாம்.

மடுகரைக்கு அதிக தூரமில்லாத ஒரு சேரி. ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அந்தத் தம்பி கேட்டுக்கொண்டார். ஐப்பசி மழையில் ஒரு ஆயாவின் உடலை இடுப்பளவுத் தண்ணீரில் வயல் வழியே சுமந்து போனார்கள். கல்லூரியில் படிக்கும் அந்தத் தம்பி பாடைக்குப் பின்னால் நடந்தபடியே படம் எடுத்து, 'இதுதான் எங்கள் சுடுகாட்டுப் பாதை' என்று எழுதி இரவில் பதிவிட்டார். மறுநாள் சாயங்காலத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள். மூன்றாம் நாள் இரண்டு லாரி கிராவல் வந்து கொட்டியது. நான்காம் நாள், தம்பியின் அப்பா இருபது வருடமாக வேலை செய்துவந்த நிலத்துக்காரர் அவரைக் கூப்பிட்டு, "உன் பையன் ஊர் மானத்தை வாங்கிட்டான், இனிமே நீ வேற எடம் பாத்துக்க" என்றார். அன்றிரவே பதிவை நீக்கிவிட்டார் தம்பி. அடுத்த மழையில் கிராவலும் கரைந்து போனது. பாதை பழையபடி வரப்புதான்.

நாங்கள் விசாரிக்கப் போனபோது கையில் பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை. மனு கொடுக்கப்படவில்லை. லாரியை அனுப்பியது யார், எந்தக் கணக்கில் என்று கேட்டு வாங்கிய தாள் இல்லை. அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தியது குறித்துப் புகார் இல்லை. மூல வீடியோவையும் செல்லில் இடம் போதவில்லை என்று அழித்திருந்தார்கள். பலர் கைமாறி மங்கிப்போன ஒரு பிரதி மட்டும் ஒரு அத்தையின் வாட்ஸ்அப்பில் கிடைத்தது.

ஆக, பிள்ளைகள் சொன்னது பொய்யில்லை, லாரி வந்தது. ஆனால் ஐயாவின் பெட்டியில் கிடக்கும் 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற பழைய பதில்கள்கூட இன்றைக்கும் வழக்குக்கு உதவும். தம்பியின் பதிவால் அது முடியாமல் போனது. ஏன் அப்படி ஆனது, எப்படி ஆகாமல் இருந்திருக்கும் என்பதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் மூத்தவர்களுக்கு ஒரு கேள்வி. நம் பிள்ளைகள் வேறு எங்கே போய்ப் பேசுவார்கள்? புதுச்சேரியில் 5 நகராட்சிகளும் 10 கொம்யூன் பஞ்சாயத்துகளும் உண்டு. உள்ளாட்சித் தேர்தல் 1968-இல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டுகள் கழித்து 2006-இல். அந்த உறுப்பினர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அதன்பின் தேர்தலே இல்லை. 2021-இல் தேதி அறிவித்தார்கள், இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நீதிமன்றம் வரை போய் நின்றுவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1988-க்குப் பிறகு பிறந்த ஒருவர்கூட இங்கே உள்ளாட்சித் தேர்தலில் வாக்களித்தது கிடையாது. வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போட்ட அனுபவம் இந்தத் தலைமுறைக்கு இல்லை, ஏனென்றால் வார்டு உறுப்பினரே இல்லை. இருப்பவர் ஆணையர். அவர் அரசு ஊழியர், நம் ஓட்டுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 15.7 விழுக்காடு. சட்டமன்றத்தின் 30 தேர்தல் தொகுதிகளில் 5 தனித் தொகுதிகள், அவற்றில் ஒன்று நம் நெட்டப்பாக்கம். உள்ளாட்சி நடந்திருந்தால் இதே விகிதத்தில் சேரியிலிருந்து எத்தனை பேர், அதில் எத்தனை பெண்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள்! அந்த நாற்காலிகள் பத்து வருடங்களுக்கு மேலாகக் காலியாகக் கிடக்கின்றன. தெரு விளக்கு எரியவில்லை என்பதை ஒரு பெண் ரீல்ஸ் போட்டுச் சொல்கிறாள் என்றால், அது விளம்பர ஆசை என்று சிரிப்பதற்கு முன்னால் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். கிராமத்துப் பொதுக் கூட்டத்தில் எழுந்து சொல்ல வேண்டியதை அவள் செல்லிடம் சொல்கிறாள்.

இன்னொன்று. நம்முடைய செய்தியை நாமே அச்சடித்துக்கொள்வது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். வசைச் சொல்லாகப் புழங்கிய பெயரையே தலைப்பாக வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். விலை பெயரிலேயே இருந்தது. கோலார் தங்கவயலிலும் கடல் கடந்தும் அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். அண்ணல் அம்பேத்கர் 1920 ஜனவரி 31-இல் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது அவருக்கு வயது 28. காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் திலகரின் 'கேசரி' மறுத்துவிட்டது. சாகு மகாராஜா 2500 ரூபாய் தந்தார், இதழ் சில ஆண்டுகளில் நின்றது. அம்பேத்கர் 1927-இல் 'பகிஷ்கிருத பாரத்' என்று மறுபடி தொடங்கினார்.

நம் பக்கத்துச் சான்றும் உண்டு. பிரெஞ்சு ஆட்சியில் தொழிலாளர் சங்கத்துக்கு இடமில்லாத காலத்தில், 1934-இல் வ. சுப்பையா 'சுதந்திரம்' இதழைத் தொடங்கினார். 1936 ஜூலை 30-இல் ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். இதழ், சங்கம், ஆலை வாசல் மூன்றும் சேர்ந்தே இருந்தன. இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் செல்பேசி இன்றைய ஒரு பைசாப் பத்திரிகை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையம் மலிந்த பிறகு அந்தப் பைசாவும் சேரிக்குக் கட்டுபடியாயிற்று. வித்தியாசம் ஒன்றுதான். அயோத்திதாசரின் அச்சகம் அவர் கையில் இருந்தது. நம் பதிவுகள் அச்சாகும் இயந்திரம் நம் கையில் இல்லை. எதை மேலே காட்டுவது, எதைக் கீழே தள்ளுவது என்று முடிவு செய்பவர்கள் வேறு தேசத்தில் இருக்கிறார்கள்.

அந்த முடிவு எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்கள் வெளியே வந்தன. ஒரு பதிவுக்குக் கிடைக்கும் கோபக் குறிக்கு, சாதாரண லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்பை 2017 முதல் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள். கோபம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் வெறுப்பும் அதிகம் என்று அவர்களுடைய ஆய்வாளர்களே எச்சரித்த பிறகு, 2020 செப்டம்பரில்தான் அந்த மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். நியாயமான கோபம், சாதிக் கொழுப்பு என்ற வேறுபாடு அந்தக் கணக்குக்குத் தெரியாது. நம் தம்பி பாடைக்குப் பின்னால் நடந்து எடுத்த வீடியோவும், இன்னொருவன் அரிவாளைத் தூக்கிக் காட்டிப் போடும் சாதிப் பெருமை ரீல்ஸும் அதற்கு ஒரே சரக்கு.

கோகுல்ராஜ் கொலை நினைவிருக்கும். 2015 ஜூனில் நடந்தது. முதன்மைக் குற்றவாளி யுவராஜ் தலைமறைவாக இருந்துகொண்டே வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளை அனுப்பினான், அவனைச் சாதியின் வீரனாக்கப் பார்த்தார்கள். 2022 மார்ச்சில்தான் ஆயுள் தண்டனை வந்தது. 2019 ஏப்ரலில் பொன்னமராவதிப் பக்கம் ஒரே ஒரு குரல் பதிவு பல கிராமங்களைத் தெருவுக்கு இழுத்தது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டத்தில் 65 வயதுப் பெண்மணி ஒருவரை அடித்தே கொன்றார்கள். செல்பேசி நம்முடைய ஆயுதம் என்று மேடையில் சொல்லும்போது கைத்தட்டல் கிடைக்கும். அதே ஆயுதம் எதிரில் நிற்பவரிடமும் இருக்கிறது, நம்முடையதைவிட நல்ல மாடலில்.

அடுத்து, பேசினால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது. இதற்கு நம் புதுச்சேரியே நாட்டுக்கு ஒரு பாடம் கொடுத்திருக்கிறது. 2012 அக்டோபரில் இங்கே சிறுதொழில் நடத்திவந்த ஒருவர், அப்போதைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. விடியற்காலையில் வீட்டுக்கு வந்து கைது செய்தார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு தலைவரின் மறைவுக்கு நகரம் ஏன் அடைபட வேண்டும் என்று எழுதிய பெண்ணும், அதற்கு லைக் போட்ட தோழியும் கைதானார்கள். 2015 மார்ச் 24-இல் உச்ச நீதிமன்றம் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ-யை ரத்து செய்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் செத்துப்போன அந்தப் பிரிவில் காவல் நிலையங்கள் தொடர்ந்து வழக்குப் போட்டுக்கொண்டிருந்தன. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, அந்தப் பிரிவில் யார் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று உத்தரவிட வேண்டியிருந்தது. 66ஏ இல்லை என்பதற்காக வாய்க்குப் பூட்டு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இரு பிரிவினரிடையே பகை மூட்டுதல், அவதூறு என்று வேறு பிரிவுகள் இருக்கின்றன. நகரத்துத் தொழில்முனைவருக்கு வழக்கறிஞர் உடனே வந்துவிடுவார். கூலிக்காரர் மகனுக்கு, வழக்கு வருவதற்கு முன்பே அப்பாவின் வேலை போய்விடுகிறது.

ரோஹித் வெமுலாவின் கதையும் ஒரு ஃபேஸ்புக் பதிவில்தான் தொடங்கியது, அவர் எழுதிய பதிவில் அல்ல. 2015 ஆகஸ்ட்டில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தின் அம்பேத்கர் மாணவர் சங்கத்தினரை ரவுடிகள் என்று ஏ.பி.வி.பி. மாணவர் தலைவர் ஒருவர் எழுதினார். அதைத் தட்டிக் கேட்டதிலிருந்து புகார், விசாரணை, ஐந்து ஆய்வு மாணவர்கள் விடுதியை விட்டு வெளியேற்றம். அவர்கள் வளாகத்தில் கூடாரம் போட்டு அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள், தெலுங்கில் சேரி என்று பொருள். 2016 ஜனவரி 17-இல் ரோஹித்தை இழந்தோம். அவருடைய கடைசிக் கடிதம் சில மணி நேரத்தில் நாடு முழுக்கப் பரவியது. அந்தக் கடிதத்தில் நிலுவையில் நின்ற ஏழு மாத உதவித்தொகையைப் பற்றி எழுதியிருந்ததை எத்தனை பேர் கவனித்தார்கள் என்று தெரியவில்லை. ஹேஷ்டேக் சில மாதங்களில் ஓய்ந்தது. ஓயாதவர்கள் இருவர். ரோஹித்தின் தாய் ராதிகா வெமுலாவும், 2019 மே மாதம் மும்பையில் இழந்த மருத்துவர் பாயல் தட்வியின் தாய் அபேதா தட்வியும் அதே 2019-இல் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார்கள். கல்லூரிகளில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் விதிகள் காகிதத்தில் மட்டும் இருக்கின்றன என்பது அந்த மனுவின் சாரம்.

குழுமூர் அனிதாவை நாம் 2017 செப்டம்பர் 1-க்குப் பிறகுதான் அறிந்தோம். பிளஸ் டூ தேர்வில் 1200-க்கு 1176 எடுத்த அந்தப் பிள்ளை அதற்கு முன்பே நீட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தாள். அவள் படியேறியபோது நம்மில் யார் பதிவு போட்டோம்? இது நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது.

பதிவு வென்ற இடங்களும் உண்டு. 2016 ஜூலை 11-இல் குஜராத்தின் ஊனா அருகே, செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள் பெருமைக்காகத் தாங்களே வீடியோ எடுத்துப் பரப்பினார்கள். அதுவே அவர்களுக்கு எதிரான சான்றாகியது. ஆனால் ஊனாவை ஊனா ஆக்கியது அந்த வீடியோ மட்டுமா? சுரேந்திரநகரில் செத்த மாடுகளைக் கொண்டுபோய் ஆட்சியர் அலுவலகம் முன்பு போட்டார்கள். இந்த வேலையை இனிச் செய்ய மாட்டோம் என்றார்கள். அகமதாபாத்திலிருந்து ஊனாவுக்கு நடந்தார்கள், நிலம் கேட்டார்கள். 2018 மார்ச் 20-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் நீர்த்துப்போகச் செய்தபோது, ஏப்ரல் 2 முழு அடைப்புக்கான அழைப்பு பெரும்பாலும் வாட்ஸ்அப்பிலேயே பரவியது. பெரிய கட்சி எதுவும் முன்னின்று நடத்தவில்லை. அதே ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபரில் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது, 2020 பிப்ரவரியில் திருத்தத்தையும் ஏற்றுக்கொண்டது. இந்த வெற்றிக்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். அடைப்பு நாளில் வட மாநிலங்களில் பலர் உயிரிழந்தார்கள். மீரட் பக்கம் ஒரு சிற்றூரில், போராடிய தலித்துகளின் பெயர்ப் பட்டியல் ஒன்று அதே வாட்ஸ்அப்பில் சுற்றியது. பட்டியலில் இருந்த ஓர் இளைஞர் இரண்டே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

2017 ஜனவரியில் மெரினாவுக்கு நம் பிள்ளைகளும் போனார்கள். ஒரே வாரத்தில் சட்டம் வந்தது. கடைசி நாள் அடி விழுந்தது நடுக்குப்பத்து மீனவர்களுக்கும் அருகிலிருந்த ஏழைக் குடியிருப்புகளுக்கும். அவர்களுடைய மீன் சந்தை எரிந்தது. வாடிவாசலுக்குள் சாதி எப்படி இருக்கிறது என்ற பேச்சு அந்தக் கூட்டத்தில் எடுபடவில்லை. இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இன்று நேரமில்லை.

இப்போது, வீடியோ இருந்தால் நீதி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கைக்கு வருவோம். இளைஞர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும். 2016 மார்ச் 13-இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கரை வெட்டியது கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியது. அந்தக் காட்சியைப் பார்க்காத செல் தமிழ்நாட்டில் இல்லை எனலாம். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உள்பட ஆறு பேருக்கு மரண தண்டனை கொடுத்தது. 2020 ஜூன் 22-இல் சென்னை உயர் நீதிமன்றம் தந்தையை விடுவித்தது, மற்ற ஐவரின் தண்டனையை 25 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் சிறையாக மாற்றியது. சதி நிரூபிக்கப்படவில்லை என்றது தீர்ப்பு. கேமராவுக்கு வெட்டியவர்கள் தெரிந்தார்கள். யார் அனுப்பினார்கள், எங்கே பேசினார்கள், பணம் எப்படிக் கைமாறியது என்பதையெல்லாம் சாட்சியும் ஆவணமும்தான் காட்ட வேண்டும். நாம் பகிர்ந்துகொண்டிருந்த பாதியை எல்லோரும் பார்த்தார்கள். வழக்கு நின்றது மற்றப் பாதியில்.

வேங்கைவயல் இன்னொரு விதம். 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. நாடே கொதித்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை வைத்தது, அதே சேரியைச் சேர்ந்த மூவர் மீது. செல்பேசிகளிலிருந்து எடுத்த படங்களும் உரையாடல்களும் ஆதாரம் என்றார்கள். இயக்கங்கள் ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டன. வழக்கின் உண்மை நீதிமன்றத்தில் தெரியட்டும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: நம் செல் நமக்காகப் பேசுவதைப் போலவே நமக்கு எதிராகவும் பேச வைக்கப்படும்.

ஆகவே ஐயாவின் பெட்டிக்கே திரும்புகிறோம். பதிவு போடும் தம்பி தங்கைகளுக்கு எங்கள் வழக்கறிஞர் தோழர்கள் சொல்லிக் கொடுத்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

எடுத்த வீடியோவின் மூலத்தை அழிக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நேரம் முதலிய விவரங்கள் உதிர்ந்துவிடும். டாகுமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணு ஆவணத்தின் பிரதியை நீதிமன்றத்தில் வைக்கும்போது சான்றிதழ் கேட்கிறது. வைப்பவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் கையெழுத்திட வேண்டும், கோப்பின் 'ஹாஷ்' எண்ணையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது, ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும். எடுத்த செல்லையே நீதிமன்றத்தில் காட்டிச் சாட்சி சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. அந்தச் செல்லை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதியது வாங்குவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

புகார் கொடுக்க நேரில்தான் போக வேண்டும் என்பதும் இப்போது இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி மின்னஞ்சல் போன்ற வழிகளிலும் தகவல் கொடுக்கலாம், மூன்று நாளுக்குள் கையெழுத்திட்டால் பதிவு செய்ய வேண்டும். எந்த எல்லைக்குட்பட்ட குற்றமானாலும் எந்தக் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். தமிழ்நாட்டு எல்லையில் வாழும் மடுகரை மக்களுக்கு இதன் அருமை தெரியும். "அது எங்க லிமிட் இல்ல" என்ற பதிலை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! வன்கொடுமைச் சட்ட வழக்கில், பதிவு செய்வதற்கு முன் விசாரணை தேவை என்று இழுக்க 18ஏ பிரிவு இடம் கொடுக்கவில்லை. நிலையத்தில் மறுத்தால் புகாரைத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். வேண்டுமென்றே கடமை தவறும் அதிகாரிக்கு 4-ஆம் பிரிவு இருக்கிறது.

தம்பியின் அப்பா விஷயத்துக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2015 திருத்தத்துக்குப் பிறகு, 2016 ஜனவரி 26 முதல், பட்டியல் சாதியினரைச் சமூகப் புறக்கணிப்போ பொருளாதாரப் புறக்கணிப்போ செய்வதும் செய்வேன் என்று மிரட்டுவதும் வன்கொடுமை. கூலி வேலை கொடுக்க மறுப்பதும் பொருளாதாரப் புறக்கணிப்பு என்ற விளக்கத்துக்குள் வருகிறது. அன்று அந்த வீட்டில் யாருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. எங்களுக்கே பிறகுதான் தெரிந்தது.

இணையத்தில் சாதி சொல்லித் திட்டுவது 'பொதுமக்கள் பார்வையில்' நடந்ததாகுமா என்ற கேள்வி இருந்தது. ஆகும் என்று 2022 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு யூடியூப் வழக்கில் சொன்னது. ஆனால் 2024 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், பட்டியல் சாதியைச் சேர்ந்தவரை அவமதித்தது மட்டும் போதாது, அந்தச் சாதியில் பிறந்தவர் என்பதற்காக அவமதித்திருக்க வேண்டும் என்றது. அதனால் திட்டியதன் ஸ்க்ரீன்ஷாட் மட்டும் எடுத்துவைத்தால் போதாது. முன்னும் பின்னும் உள்ள உரையாடல், இணைப்பு முகவரி, தேதி எல்லாம் வேண்டும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று. 2012 ஏப்ரலில் உஸ்மானியா பல்கலைக்கழக மாட்டுக்கறி விழா பற்றி எழுதியதற்காகக் கவிஞர் மீனா கந்தசாமிக்கு ட்விட்டரில் வந்த மிரட்டல்கள் பாலியல் வன்முறை மிரட்டல்கள். பையன் எழுதினால் வழக்கு, பெண் எழுதினால் படத்தை மாற்றி ஒட்டுவது என்று இன்றும் அதுதான் நடக்கிறது. அப்போது வீட்டில் "நீ ஏன் எழுதுன?" என்று கேட்பது நம் குடும்பங்களிலும் உண்டு. மறைக்க வேண்டியதில்லை. நாமும் சிலவற்றைக் கற்க வேண்டும். 2024 மார்ச்சில் புதுச்சேரியில் ஒன்பது வயதுக் குழந்தை கொல்லப்பட்டபோது நகரமே தெருவில் நின்றது, நம் பிள்ளைகளும் நின்றார்கள். ஆனால் அந்தக் குழந்தையின் பெயரையும் படத்தையும் ஸ்டேட்டஸில் வைத்துத்தான் நீதி கேட்டோம். போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. கோபம் நியாயமானதுதான், செய்தது தவறு.

இன்னொரு பழக்கமும் வேண்டும். 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாளே மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் நம் பக்கம் கரையேறி, பிறகு தென்பெண்ணை பெருகிப் பாகூர்ப் பக்கம் ஊர்கள் மூழ்கியபோது, உதவி கேட்கும் குரல்கள் வாட்ஸ்அப் குழுக்களில்தான் ஓடின. மின்சாரம் போனது, செல்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியில் யார் வீட்டில் முதியவர், யார் வீட்டில் கைக்குழந்தை என்பதை நோட்டில் எழுதி வைத்திருந்த ஒரு சுய உதவிக் குழு அக்காவைத்தான் தேடிப் போனோம்.

அந்தத் தம்பியைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது அவர் மன்றத்துக்கு வருகிறார். அத்தையின் செல்லில் இருந்த பிரதியைப் பத்திரப்படுத்தியிருக்கிறோம், நீதிமன்றத்துக்கு அது போதாது. இறுதி ஊர்வலத்தில் சுமந்து போனவர்களில் ஏழு பேர் தாங்கள் கண்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சுடுகாட்டுப் பாதைக்கான மனுவைத் தம்பியே எழுதினார். 'தாழ்மையுடன்' என்று தொடங்கியிருந்தார், அடித்துவிட்டுக் கொடுத்தோம். கிராவல் எந்த நிதியில் கொட்டப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாகக் கேட்டிருக்கிறோம். அப்பா புகார் கொடுக்க இன்னும் சம்மதிக்கவில்லை, பக்கத்து ஊரில் வேறு வேலைக்குப் போகிறார். அவரை நாங்கள் வற்புறுத்தவில்லை.

மனு கொடுத்துவிட்டு, வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும் உள்ள நகலைப் படம் எடுத்துத் தம்பி பதிவிட்டிருக்கிறார். இந்த முறை அவருடைய பக்கத்தில் இல்லை, மன்றத்தின் பெயரில். பெரிதாக யாரும் பார்க்கவில்லை. முப்பது நாற்பது லைக்தான் இருக்கும். தாளைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மன்றத்தில் ஆள் இருக்கிறோம். வீடியோ இருந்தால் எடுத்த செல்லோடு வாருங்கள்.